பயத்துக்குப் போட்ட மார்க்கு

முன் சீட்டுல அந்தாளு இருமுனதும் துப்பட்டாவ இழுத்து மூக்கப் பொத்துனீங்க பாருங்க, அத நான் கவனிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. நல்லாப் பொத்திக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல. வேணும்னா இந்தப் பக்கம் ஜன்னலோரமா வந்துடுங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். அந்தாளு என் மூஞ்சிக்கு நேரா வந்து இருமுனாக்கூட நான் நகர மாட்டேன். எனக்குப் பயமே கிடையாது. சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லல. யாருக்கு எவ்வளவு பயம்னு அளந்து பாத்தவ நான். அதுதான் எனக்கு வேலையே.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். கொரோனா காலத்துல சனங்க எவ்வளவு பயந்துபோயிருக்காங்கன்னு அளக்குறதுக்கு ஆளு எடுத்தாங்க. அதுல நானும் ஒருத்தி. என் பேரு மரகதம். திருச்சி, உறையூரு. சேலத்துல மாறி இந்த பஸ்ஸுல ஏறுனேன். நீங்க வேலூரா? நான் ஆம்பூரு. அப்ப எனக்கு அப்புறந்தான் எறங்குவீங்க. நல்லதாப் போச்சு, பாதியில எந்திரிச்சுப் போயிட மாட்டீங்க.

அதுக்கு முன்னாடி நான் வீடு வீடாப் போயி சோப்பு, டீத்தூள், கொசுவத்தி இதப்பத்தியெல்லாம் கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தேன். இந்த வாசனை பிடிச்சிருக்கா, ரொம்பப் பிடிச்சிருக்கான்னு. எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் அந்த வேலையிலதான் பொண்ண நர்சிங் படிக்க வச்சேன். ஊரடங்கு போட்டாங்களா, எவன் கதவத் தொறப்பான்? கம்பெனிய மூடிட்டாங்க. அப்பத்தான் ஒரு யுனிவர்சிட்டியில, பேரு எதுக்கு விடுங்க, மனசப்பத்திப் படிக்கிற டிப்பார்ட்மெண்டுல போன்ல பேச ஆளு வேணும்னாங்க. போயிட்டேன்.

வேலை என்னன்னா, ஒம்போது வாக்கியம் குடுத்துருப்பாங்க. அத அப்படியே படிக்கணும். 'வீட்டுக்கு வெளியே இருமல் சத்தம் கேட்டால் என் மனம் பதறுகிறது.' 'பிறர் தொட்ட பொருளைத் தொட நான் அஞ்சுகிறேன்.' இப்படி. ஒவ்வொண்ணுக்கும் அவங்க சைபர்லேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க்கு சொல்லணும். சுத்தமா இல்லன்னா சைபரு, ரொம்பன்னா பத்து. அதே ஆளுங்களுக்கே திரும்பத் திரும்பப் போடணும். பயம் ஏறுதா எறங்குதான்னு பாக்க.

ரேணுகா மேடம்னு ஒரு புரொபசர்தான் எங்களுக்குப் பெரியவங்க. வயசு என்னமோ என்னைவிடக் கம்மி. மொத நாளே சொல்லிட்டாங்க. "மரகதம்மா, வாக்கியத்தப் படிக்கணும், மார்க்கக் குறிச்சுக்கணும், வைக்கணும். ஆறுதல் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, சொந்தக் கதை பேசவே கூடாது. நீங்க ஒரு தெர்மாமீட்டர் மாதிரி இருக்கணும்."

"தெர்மாமீட்டரையும் வாயிலதான மேடம் வைக்கிறோம்"னேன்.

சிரிச்சாங்க. நல்ல மனுஷிதான். அப்ப.

ஆம்பளைங்க இருக்காங்களே தங்கச்சி, அவங்க எல்லாரும் சைபருதான். சிவகாசியில தவசிமுத்துன்னு ஒருத்தரு, பிரஸ்ல மெஷின் ஓட்டுறவரு, பொண்டாட்டி இல்ல, ஒண்டிக்கட்டை. நான் வாக்கியத்த முடிக்கிறதுக்கு முன்னாடியே, "சைபர் போடுங்க தாயி" அப்படிம்பாரு. "முழுசாக் கேளுங்கய்யா"ன்னா, "கேட்டாலும் சைபருதான், எதுக்கு உங்களுக்கு வாய் வலி?" அப்படிம்பாரு.

இன்னொரு பக்கம் ஷம்ஷாத். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தையல் வேலை. அவங்க எல்லாத்துக்கும் பத்து. எடுத்த எடுப்புல, "எனுக்கு பத்துமா. பத்துக்கு மேல இருந்தா அத்தயும் போட்டுக்க." கட்டுன புருஷன் தோல் பதப்படுத்துற டேனரியில வேலை பாத்து நெஞ்சு கெட்டுப்போனவரு, ரெண்டு புள்ளைங்க, ஒரே ரூமு. எனக்குச் சங்கடமாப் போச்சு. வாக்கியத்தப் படிச்சுட்டு வைக்கணும்னு விதி. வச்சுட முடியுதா? ஒரு மனுஷி அழுவுறா, நான் "நன்றி, அடுத்த முறை அழைக்கிறோம்"னு சொல்லிட்டு வைக்கணுமா? "பயப்படாதக்கா, வெந்நீர் குடி, ஜன்னலத் தொறந்து வை"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அடுத்த தடவை ரெண்டு வார்த்தை. அப்புறம் அவங்க என்ன கொழம்புன்னு கேப்பாங்க, நான் சொல்லுவேன். இதுல என்ன தப்பு?

என் பொண்ணப்பத்தியும் சொல்லுவேன்தான். அதென்ன ரகசியமா? சுடர்க்கொடின்னு பேரு, சென்னையில கவர்மெண்டு ஆஸ்பத்திரியில ஸ்டாப் நர்ஸ். கொரோனா வார்டுக்கு யாரு வர்றீங்கன்னு கேட்டப்ப இவளே கைய தூக்கியிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாலும் போயிட்டு வாடின்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கென்ன பயம்? டியூட்டி முடிச்சுட்டு மத்தியானம் கூப்பிடுவா. கூப்பிடுற வரைக்கும் நான் போனக் கையிலேயே வச்சிருப்பேன், குளிக்கப் போனாலும் வாசப்படியில வச்சுட்டுத்தான் குளிப்பேன். அது பழக்கம். சோறு எறங்காது, அது வெயில் காலம். கீரையக்கூட சோப்புத்தண்ணி போட்டுக் கழுவுவேன். எதுத்த வீட்டுப் பொம்பள அதப் பாத்துட்டு சிரிச்சா. சுத்தம் வேற, பயம் வேற தங்கச்சி. இது அவளுக்குப் புரியல.

சரி, கதைக்கு வர்றேன். நான் பேசப்பேச மார்க்கு எறங்க ஆரம்பிச்சுது. ஷம்ஷாத் பத்துலேர்ந்து எட்டு, எட்டுலேர்ந்து ஆறு. "இப்ப எப்புடிக்கா இருக்கு?"ன்னா, "நீ பேசுனா தெம்பா கீதுமா, நாலு போட்டுக்கோ" அப்படிம்பாங்க. இவங்க மட்டும் இல்ல, எனக்குக் குடுத்த பொம்பளைங்க அத்தன பேருக்கும் அப்படித்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? டாக்டருங்களே கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிற நேரம், நான் ஒரு போன வச்சுக்கிட்டு சனங்க பயத்த எறக்கிக்கிட்டு இருக்கேன். பெருமையா இருக்காதா?

அப்புறம் ரெண்டாவது அலை வந்துச்சு. உங்களுக்கே தெரியும், அதப்பத்தி நான் சொல்ல வேண்டாம். ஒரு நாள் தவசிமுத்துவுக்குப் போட்டேன். மொத வாக்கியத்தப் படிச்சேன். பதிலே காணோம். அப்புறம் "சைப..."ன்னாரு. நின்னுட்டாரு. மூச்ச இழுத்தாரு. "...ரு"ன்னாரு. ஒரு சைபரச் சொல்றதுக்கு ரெண்டு மூச்சு எடுக்குறாரு. சுடரு சொல்லியிருக்கா எங்கிட்ட, பேச்சு இப்படித் துண்டு துண்டா வந்தா உடனே ஆஸ்பத்திரின்னு.

"ஐயா, பேசாதீங்க, படுக்காதீங்க, கதவத் தொறந்து வச்சுட்டு உக்காருங்க"ன்னு சொல்லிட்டு நூத்தியெட்டுக்குப் போட்டேன். அட்ரஸ் கேக்குறாங்க. என்கிட்ட ஏது? ஆனா மனுஷன் முன்னாடி பேச்சுவாக்குல சொல்லியிருக்காரு, கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி சைக்கிள் கடை மாடின்னு. அதச் சொன்னேன். கண்டுபிடிச்சுட்டாங்க. ஆக்சிஜன் வச்சு, மனுஷன் பொழைச்சு வந்துட்டாரு.

பொழைச்சு வந்தவரு சும்மா இருந்திருக்கக் கூடாதா? நன்றி சொல்றேன்னு யுனிவர்சிட்டிக்கே போன் பண்ணிட்டாரு. "உங்க மரகதம் தாயி இல்லன்னா நான் போயிருப்பேன். நாங்க என்னென்னவோ பேசுவோம், அவுக மகளப்பத்திச் சொல்லுவாக, என் பிரஸ்ஸப்பத்தி நான் சொல்லுவேன்"னு ஆதியோடந்தமா எல்லாத்தையும் கொட்டிட்டாரு.

அவ்வளவுதான். கூப்பிட்டு விட்டாங்க.

போனேன். ரேணுகா மேடம் கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுனாங்க. கோடு கோடா இருந்துச்சு. "பாருங்கம்மா. ரெண்டாவது அலையில எல்லார் கோடும் மேல போகுது. உங்க கோடு மட்டும் கீழ போகுது. ஊரே நடுங்குறப்ப உங்க ஆளுங்க மட்டும் எப்படிம்மா தைரியமா இருந்தாங்க?"

"நான் பேசுனேன் மேடம். அதனாலதான்"னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். எதுக்குப் பயப்படணும்? திருடுனேனா?

"சரி, கடைசி வாக்கியத்த ஏன் யாருக்குமே படிக்கல?"ன்னாங்க.

நாங்க பேசுறதுல அங்கங்க சிலது பதிவாகுமாம். எங்களுக்கு மொதல்லயே சொல்லித்தான் இருந்தாங்க, நான் மறந்துட்டேன். அந்தக் கடைசி வாக்கியம் என்ன தெரியுமா தங்கச்சி? 'என் குடும்பத்தில் ஒருவரை இழந்துவிடுவேன் என்ற எண்ணம் என்னை விட்டு அகல்வதில்லை.' இது ஒரு வாக்கியமா? அகல்வதில்லையாம். எந்த வீட்டுல இப்படிப் பேசுறாங்க? எவனோ இங்கிலீசுல இருந்தத எழுத்துக்கூட்டி எழுதியிருக்கான். தமிழ் சரியில்ல, அதனால நான் படிக்கல. அதுக்கு மட்டும் நானா ஒரு ரெண்டு போட்டு வச்சேன். அந்தக் கேள்விக்கு யாரு ரெண்டுக்கு மேல சொல்லப்போறாங்க?

இதையேதான் மேடம்கிட்டயும் சொன்னேன். அவங்க என்னையே பாத்தாங்க. "சுடர் எப்படிம்மா இருக்காங்க?"ன்னாங்க.

"அவளுக்கென்ன? நல்லா இருக்கா"ன்னேன்.

நல்லாத்தான் இருந்தா, அப்ப. ஆனா அதுக்கு முந்தின மாசம் அவளுக்கும் வந்துச்சு. வார்டுல வேலை பாத்தவ அதே வார்டுல போயிப் படுத்தா. மாஸ்க் மாட்டிட்டாங்க, பேச முடியாது, பக்கத்துல இருக்குற நர்ஸ் பொண்ணு எனக்கு மெசேஜ் போடும். பஸ்ஸு கிடையாது, போகவும் முடியாது. நான் அழல. வேலையப் பாத்தேன். வேற யாருக்கும் போடத் தோணல, ஷம்ஷாத்துக்குப் போட்டேன். வாக்கியம் எல்லாம் படிக்கல அன்னைக்கு. "அக்கா, சுடருக்கு வந்துடுச்சுக்கா"ன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். லைன் சரியில்ல, அவங்களுக்குக் கேக்கலையோன்னுதான்.

ஷம்ஷாத் எவ்வளவு நேரம் பேசுனாங்கன்னு எனக்கே தெரியாது. "ஒண்ணும் ஆவாதும்மா. நான் துவா கேக்குறேன். உன் பொண்ணு எத்தினி பேர காப்பாத்திச்சு, அத்த அல்லா பாக்க மாட்டாரா?"ன்னு சொல்றாங்க. அவங்களுக்குப் பின்னாடி ஒரே சத்தம், யாரோ பொம்பளைங்க குரலு. "என்னக்கா வீட்டுல கூட்டமா?"ன்னு கேட்டேன். "டிவி ஓடுதும்மா"ன்னாங்க. "உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு எப்படி இருக்கு?"ன்னேன். "இப்ப வலி ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா தூங்குறாரு. எனுக்கு ஒண்ணும் பயமில்ல, ரெண்டு போட்டுக்க"ன்னாங்க.

ரெண்டு போட்டுக்கிட்டேன்.

இப்ப ஆபீசுக்கு வாங்க. என் ஆளுங்களுக்கு மேடம் வேற ஒரு பொண்ண விட்டுப் போன் போட்டு விசாரிச்சிருக்காங்க, மரகதம் நெசமாவே கேள்வி கேட்டாங்களா, இல்ல வீட்டுல உக்காந்து மார்க்க அவங்களே போட்டுக்கிட்டாங்களான்னு. ஷம்ஷாத் பேசுன பதிவ எனக்குப் போட்டுக் காட்டுனாங்க. நான் காட்டச் சொல்லி ஒத்தக்கால்ல நின்னேன், அதனாலதான் காட்டுனாங்க. எனக்காக அவங்க சாட்சி சொல்லுவாங்கன்னு எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

"அவங்க மேல தப்பே இல்லம்மா. எல்லாம் கேட்டாங்க. நான்தான் கொறச்சு கொறச்சு சொன்னேன். நான் பத்துன்னு சொன்னா அந்தம்மா கொரலே உள்ள போயிடுது. பாவம், அவங்க பொண்ணு வார்டுல கீது. ரொம்ப பயந்துகினு கீறாங்க. நாலுன்னு சொன்னா சந்தோசமா சிரிக்கிறாங்க. ஒரு நம்பர்தானே, சொல்லிட்டு போறேன்னு சொன்னேன்."

அந்தப் பொண்ணு கேக்குது, "உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களாம்மா?"ன்னு.

"எங்க வூட்டுக்காரரு மௌத்தா பூட்டாரும்மா. கொரோனாலதான். அடக்கம் பண்ண மறுநாளு அந்தம்மா போன் பண்ணாங்க, பொண்ணுக்கு வந்துடுச்சுன்னு அழுதுகினு. அந்த நேரத்துல நான் இத்த எப்புடி சொல்றது? நீயும் சொல்லாத கண்ணு."

ரேணுகா மேடம் அத நிறுத்திட்டாங்க. தண்ணி எடுத்து வச்சாங்க. "மரகதம்மா, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கங்க. உங்க நம்பரையெல்லாம் ஆராய்ச்சியில சேத்துக்க முடியாது. மத்த எட்டு வாக்கியத்துலயும் நீங்க பொய் எழுதலன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க அளந்தது அவங்க பயம் இல்லம்மா"ன்னாங்க.

வேற யாரு பயமாம்? சொல்லுங்களேன் பாப்போம். நானும் அதத்தான் கேட்டேன். அவங்க தண்ணிய எம் பக்கமா நகத்தி வச்சாங்க. ஆபீஸ் சிம்மக் கழட்டி மேசை மேல வச்சேன். "லீவும் வேணாம் ஒண்ணும் வேணாம். அடுத்தவங்க அழுவுறப்ப வச்சுட்டுப் போறவளா ஒருத்தியத் தேடிக்கங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். தண்ணியக்கூடத் தொடல.

மேடம் மேல எனக்குக் கோவம் இல்ல தங்கச்சி. அவங்க படிச்சது அப்படி. எனக்குக் கோவமெல்லாம் இந்த ஷம்ஷாத் மேலதான். என்ன நெனச்சுக்கிட்டா என்னைய? எனக்கு எறங்கு வயசு, புருஷன வாரிக் குடுத்தவ. எங்கிட்ட ஒரு சாவச் சொல்லக் கூடாதா? நான் தாங்க மாட்டேனா? வீட்டுக்காரர மண்ணுல வச்ச மறுநாளு, வீடு முழுக்க சனம் அழுதுக்கிட்டு இருக்கு, இவ எந்திரிச்சு ஒரு மூலைக்குப் போயி எனக்கு ஆறுதல் சொல்லிக்கிட்டு நின்னிருக்கா. யாரு கேட்டா இவள? நான் கேட்டேனா? நானும்தான் மடச்சி மாதிரி, ரெண்டுன்னா ரெண்டு போட்டுக்கிட்டேன். நிம்மதியாத் தூங்குறாருன்னா, சரி நல்லாத் தூங்கட்டும்னு சொன்னேன் தங்கச்சி. என் வாயால அப்படிச் சொன்னேன்.

அதுக்கப்புறம் அவ என் சொந்த நம்பருக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டா. எடுக்கவே இல்ல. சுடரு முழுசாத் தேறி, மறுபடி டியூட்டிக்கே போயிட்டா. அந்த நல்ல சேதியக்கூட ஷம்ஷாத்துக்குச் சொல்லல. தவசிமுத்து மூலமா தெரிஞ்சுக்கிட்டாளாம். அந்தாளு எப்படியோ நம்பரு வாங்கி எல்லாரோடயும் பேசுறாரு.

போன வாரம் ஷம்ஷாத் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. "மரகதம், எங்க வூட்டுக்காரருக்கு வருஷ பாத்தியா. நீ வரணும். கோவமா இருந்தாலும் வா. வந்து திட்டு"ன்னு. பாத்தியான்னா நாங்க குடுக்குற திதி மாதிரி.

சுடர்கிட்ட போட்டுக் காட்டுனேன். அவ என்ன சொல்றா தெரியுமா? "அம்மா, நீ அன்னைக்கு பயந்துட்ட. அவங்க உனக்காகத் தைரியமா இருந்தாங்க. அதுல என்னம்மா கேவலம்? நானே ஒவ்வொரு நாளும் அந்தக் கவச டிரஸ்ஸுக்குள்ள அழுதுருக்கேன்"னா. நான் ஒரு அதட்டு அதட்டுனேன். அவ அழுதான்னா அது அவ சமாச்சாரம். என்னைய ஏன் இழுக்குறா? நான் பயந்திருந்தா வேலைக்குப் போயிருப்பேனா? அத்தன பேரோட பேசியிருப்பேனா?

வந்து திட்டுன்னு அவளே சொல்லிட்டா இல்ல, அதான் இந்த பஸ்ஸுல வர்றேன்னு ஒரு மெசேஜ் மட்டும் போட்டுட்டுக் கெளம்பிட்டேன். இது முறுக்கு, மணப்பாற முறுக்கு. புள்ளைங்களுக்கு. சண்டை பெரியவங்களுக்குள்ள, புள்ளைங்க என்ன பண்ணுச்சு? மொகத்துக்கு நேரா கேக்கப் போறேன். "உன் பயத்த எங்கிட்டச் சொல்லாம எங்கடி வச்சிருந்த?"ன்னு கேப்பேன். "என்னைய என்ன கண்ணாடிப் பாத்திரம்னு நெனச்சியா?"ன்னு கேப்பேன். வாணியம்பாடி வரைக்கும் இதத்தான் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். நீங்க ஏறுனதுலேர்ந்து பேச்சுல கொஞ்சம் விட்டுப்போச்சு.

ஆம்பூரா? வந்துடுச்சா?

அந்தக் கட்டப்பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. அங்க பாருங்க, டீக்கடைக்குப் பக்கத்துல ஒரு பொம்பள, கருப்பு புர்கா, ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வர்றா. அவதானா? நான் மொகத்தப் பாத்ததே இல்லையே. ரொம்பச் சின்ன உருவமா இருக்காளே. நான் நல்ல ஆகிருதியா இருப்பான்னு நெனச்சேன்.

என்ன? கையில இருக்குற பைக்குள்ள முறுக்கு கடகடன்னு ஆடுதா? பஸ்ஸு ஆட்டம் தங்கச்சி அது. நின்னு நேரமாச்சா? அப்ப எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும். நகருங்க, நான் எறங்கணும்.